மணியில் இல்லாத ஸ்வரம்

பெல்ஜியத்தின் புரூஜ் நகரச் சந்தைச் சதுக்கத்தில் 83 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது பெல்ஃபோர்ட் மணிக்கோபுரம். உச்சிக்கு 366 படிகள். மேலே போகப் போகச் சுருள் படிக்கட்டு குறுகிக்கொண்டே வரும். இறங்குகிறவருக்கு வழிவிட, ஏறுகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இது தேவாலயக் கோபுரம் அல்ல. 13-ஆம் நூற்றாண்டில் துணி வணிகத்தில் செழித்த ஊர், தன் உரிமைச் சாசனங்களைப் பூட்டிவைக்கவும், வேலை நேரத்தையும் ஆபத்தையும் மணியடித்து அறிவிக்கவும் எழுப்பியது. எண்கோண மேற்பகுதி 1480-களில் சேர்ந்தது. அதன்மேல் இருந்த மரக் கூம்பு இரண்டு முறை தீக்கிரையானதால், இன்று கோபுரம் கூம்பில்லாமலே நிற்கிறது.

பலரும் உச்சியிலிருந்து தெரியும் காட்சிக்காக விரைகிறார்கள். அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் உருளை அறையில் கால் மணி நேரமாவது நிற்க வேண்டும் என்பேன். 1748-இல் நிறுவப்பட்ட பிரம்மாண்டமான உலோக உருளை அங்கே இருக்கிறது. அதன் மேற்பரப்பில் 30,000-க்கும் மேற்பட்ட சதுரத் துளைகள். தேவையான துளைகளில் முளைகளைப் பொருத்தினால் ஒரு பாட்டு தயார். கால் மணிக்கொரு முறை கடிகாரம் உருளையை விடுவிக்கிறது, உருளை சுழல்கிறது, முளை நெம்புகோலைத் தள்ளுகிறது, நெம்புகோல் கம்பியை இழுக்கிறது, மேலே சுத்தியல் உயர்ந்து மணியின் வெளிப்புறத்தில் விழுகிறது. முளைகளை மாற்றிப் பொருத்தினால் பாட்டும் மாறிவிடும். எழுதிவைத்த ஆணையை இயந்திரம் படித்து நிறைவேற்றுவது கணினிக்கு முன்பே இங்கே நடந்துகொண்டிருந்தது.

மணி வாசிக்கும் கலைஞர் நேரில் வாசிக்கும்போது உருளைக்கு வேலை இல்லை. அவர் மரக் கோல்களை முஷ்டியால் அழுத்துவார், பெரிய மணிகளுக்குக் காலால் மிதிப்பார். இப்போது கம்பிகள் இழுப்பது மணியின் நாக்கை. ஆகவே அழுத்தத்துக்கு ஏற்ப ஓசை மெலியும், வலுக்கும்.

மொத்தம் 47 மணிகள். அவற்றை ஒன்றோடொன்று சுருதி சேர்ப்பதுதான் நூற்றாண்டுக் கணக்கில் வார்ப்பாளர்களை வாட்டிய சிக்கல். தம்புராத் தந்தியை மீட்டினால் எழும் அதிர்வெண்கள் ஏறத்தாழ 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்தில் அமையும். அந்த ஐந்தாவதுதான் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரத்தின் உயர்ந்த வகை. மணி அப்படி அல்ல. அடிபட்டவுடன் அதன் விளிம்பு முட்டை வடிவத்துக்கு நசுங்கி விரிகிறது. அதே நேரத்தில் உடல் வேறு பல விதங்களிலும் வளைகிறது. ஒவ்வொரு வளைவுக்கும் தனி அதிர்வெண். வெண்கலத்தின் கனம் சரியாக அமையாவிட்டால் அவை ஒன்றுக்கொன்று உறவில்லாமல் இரைச்சலாகும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மணி வாசித்த ஜேக்கப் வான் ஐக். அவருக்குப் பார்வை கிடையாது. மணியைத் தொடாமலே, அருகில் நின்று சரியான சுருதியில் சீட்டியடித்து அதன் ஒவ்வோர் அதிர்வையும் தனித்தனியே முரலச் செய்தார். ஓர் ஓசைக்கு இன்னொரு பொருள் தானாக அதிரும் ஒத்ததிர்வை இவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்திய அந்தச் செவியை நினைத்து நான் வியக்காத நாளில்லை. அவருடைய துணையோடு மணி வார்ப்பாளர்களான ஹெமனி சகோதரர்கள் மணியின் உட்புறத்தைக் குறிப்பிட்ட உயரங்களில் கடைந்து சுருதி சேர்த்தார்கள். 1644-இல் சுட்ஃபென் நகரில் அந்த மணிகள் ஒலித்தன. கடைந்தெடுத்த உலோகத்தை மீண்டும் ஒட்ட முடியாது. ஒரு சுற்று கூடிப்போனால் மணி வீண்.

அப்படிச் சேர்ந்த மணியில் கீழ் ஸட்ஜம் (ஸ), ஸட்ஜம், சாதாரண காந்தாரம் (அந்தர காந்தாரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்த ‘க’), பஞ்சமம் (ப), மேல் ஸட்ஜம் ஆகியவை அடுக்காக ஒலிக்கின்றன. ஆனால் அடி விழும் கணத்தில் ‘இதுதான் இந்த மணியின் ஸ்வரம்’ என்று நாம் உணர்வதை முடிவு செய்பவை மேல் ஸட்ஜமும் அதற்கு மேலுள்ள அதிர்வுகளும். அவை 2:3:4 என்ற விகிதத்தில் இருப்பதால், செவியும் மூளையும் சேர்ந்து 1 என்ற அடிப்படையைத் தாமே வருவித்துக்கொள்கின்றன. அந்த அதிர்வெண்ணில் மணி அதிராமல் இருந்தாலும் நமக்கு அது கேட்கும். பழைய தொலைபேசி ஆண்குரலின் அடி அதிர்வெண்ணைக் கடத்தியதே இல்லை. ஆனாலும் மறுமுனையில் அப்பாவின் கனத்த குரலைக் கேட்டோம் அல்லவா, அதே விந்தை.

மணியோசையில் இருக்கும் ஏக்கத்துக்குப் பெரும்பங்கு காரணம் அந்தச் சாதாரண காந்தாரம். அந்தர காந்தாரம் வரும் இசையைப் பெரிய மணிகளில் வாசித்தால் இரண்டு காந்தாரங்களும் உரசும். மணியிசை எழுதுகிறவர்கள் இதை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். 1980-களில் நெதர்லாந்தில் கணினியின் உதவியோடு, இடுப்பில் புடைத்த புதிய வடிவில் அந்தர காந்தார மணியை வார்த்தார்கள். எனக்கென்னவோ பழைய மணியின் குரல்தான் நெஞ்சைத் தொடுகிறது.

கோபுரத்தில் இருக்கும்போது மணி அடித்தால், காதைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். முதலில் கூரிய ஓசை மறையும். பிறகு காந்தாரம் தேயும். கடைசியில், ஒரு ஸ்தாயி கீழே, கீழ் ஸட்ஜம் மட்டும் வெகுநேரம் முரன்றுகொண்டிருக்கும்.