இ-ஸ்போர்ட்ஸ்: ‘இணைய விளையாட்டு’ என்று எழுதாதீர்கள்

செல்போன் ரம்மியில் பணத்தைத் தொலைத்தவரைப் பற்றிய செய்தியிலும் ‘இணைய விளையாட்டு’. வீடியோ கேம்களை விதி, நடுவர் வைத்துப் போட்டியாக ஆடுவதுதான் இ-ஸ்போர்ட்ஸ்; அதில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கம் வாங்கியவரைப் பற்றிய செய்தியிலும் ‘இணைய விளையாட்டு’. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, அப்புறம் ‘இதெல்லாம் ஒரு விளையாட்டா?’ என்று விவாத நிகழ்ச்சி வேறு நடத்துகிறார்கள். எதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியாது, பதில் சொல்பவருக்கும் தெரியாது.

முதலில் சொற்பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ‘இ’ என்பது எலக்ட்ரானிக் என்பதன் முதலெழுத்து. ‘ஸ்போர்ட்’ பழைய பிரெஞ்சின் ‘தெஸ்போர்’ என்பதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய்த் தலை தேய்ந்த சொல். வேலையிலிருந்து மனத்தை அப்பால் கொண்டுபோவது, பொழுதுபோக்கு என்பதுதான் அதன் பழைய பொருள். வியர்வை, தசை, மைதானம் எல்லாம் பின்னால் வந்து ஒட்டியவை. நம் ‘விளையாட்டு’ விளை, ஆடு என்ற இரண்டும் சேர்ந்தது. ‘விளை’ என்பதை விருப்பம் என்ற பொருளோடு இணைத்து, விரும்பி ஆடுவது என்று விளக்குவார்கள். ‘கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு’ என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். அந்தக் காலத்திலேயே மற்ற சொற்களுக்குப் பொருள் சொல்ல உதவும் அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்த சொல்லாக அது இருந்திருக்கிறது.

இனி சண்டைக்கு வருகிறேன். ‘இணைய விளையாட்டு’, கொஞ்சம் கௌரவமாக ‘இணையவழி விளையாட்டு’. இ-ஸ்போர்ட்ஸ் நடக்க இணையம் வேண்டும் என்று இந்தப் பெயரை வைத்தவர்களுக்கு யார் சொன்னார்கள்? ஸ்ட்ரீட் ஃபைட்டர் போன்ற சண்டை ஆட்டங்களின் போட்டியை ஒருமுறை பாருங்கள். இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்து, ஒரே கருவியில் ஆளுக்கொரு கட்டுப்பாட்டுப் பலகையைச் செருகி ஆடுவார்கள். அங்கே இணையத்துக்கு வேலையே இல்லை. ஐவர் அணிகள் மோதும் பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றிலும் இரு அணிகளையும் ஒரே அரங்குக்கு வரவழைத்து, அரங்குக்குள் இருக்கும் கணினிகளை மட்டும் இணைக்கும் உள்வலையமைப்பில் ஆட விடுவதுதான் வழக்கம். இணையம் வழியே ஆடினால் தூரத்துக்கேற்ப தாமதம் வரும், ஒருவருக்கு அது சாதகமாகிவிடும் என்பதே காரணம். 1972-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ‘ஸ்பேஸ்வார்’ என்ற கணினி ஆட்டத்துக்குப் போட்டி வைத்தார்கள். 1980-இல் அட்டாரி நிறுவனம் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ போட்டியை நாடு தழுவி நடத்தியது. வீடுகளுக்கு இணையம் எட்டிப் பார்க்காத காலம் அது.

அந்தப் பக்கம், ரம்மிக்கு இணையம் உண்டு. ஆனால் அது இ-ஸ்போர்ட்ஸ் இல்லை. ஆக, இணையம் இல்லாமலும் இது நடக்கும். இணையம் இருப்பதாலேயே ஒன்று இதுவாகிவிடாது. இப்படிப்பட்ட ஒன்றைப் பெயரின் முதற்பகுதியாக வைத்தால் பொருள் எப்படி விளங்கும்? தமிழ்நாட்டில் இணையவழி விளையாட்டு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. அது முக்கியமாகக் கவனிப்பது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. அதனால் மக்கள் மனத்தில் ‘இணையவழி விளையாட்டு’ என்றாலே கடன், வழக்கு, தற்கொலை என்று பதிந்துவிட்டது. பதக்கம் வாங்கிய பையனைத் தூக்கி அதே பெட்டியில் போடுகிறார்கள் நம் மொழிபெயர்ப்பாளர்கள்.

இத்தனைக்கும் சட்டமே பிரித்துக் கொடுத்திருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையிடமும், ஆன்லைன் கேமிங்கை மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்திடமும் ஒப்படைத்தது. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் இ-ஸ்போர்ட்ஸ், பணம் கட்டும் ஆட்டம், பொழுதுபோக்கு ஆட்டம் என்று மூன்றாகவே பிரிக்கிறது. முதலாவதை ஊக்குவிக்க வேண்டும், இரண்டாவது கூடாது. ஒன்றை வளர்க்கவும் ஒன்றை ஒழிக்கவும் வந்த சட்டத்தைப் பற்றிய செய்தியில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால், படிப்பவர் என்னதான் செய்வார்?

‘மெய்நிகர் விளையாட்டு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது வேறு சரக்கு. வீட்டில் நிலையான சைக்கிளை மிதித்து, திரையில் இருக்கும் மலைப்பாதையில் பந்தயம் ஓட்டுகிறார்களே, அதற்குப் பொருந்தும். 2021-இல் ஒலிம்பிக் கமிட்டி நடத்திய மெய்நிகர் தொடரில் அந்த வகை இருந்தது. ‘காணொளி விளையாட்டு’ பற்றிச் சொல்லவே வேண்டாம். காணொளி என்பது உட்கார்ந்து பார்ப்பது.

மிச்சம் இருப்பது ‘மின்விளையாட்டு’. ‘மின்’ மீது எனக்குப் புகார் இல்லை. மின்சாரத்தில் ஓடும் மிக்ஸியும்தான் மின்கருவி என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு; ஆனால் மின்னஞ்சலும் மின்னூலும் நிலைத்த பிறகு அந்த வாதம் செல்லாது. சிக்கல் ‘விளையாட்டு’ என்ற பாதியில்தான். குழந்தை பொம்மையோடு ஆடுவது விளையாட்டு, கபடி விளையாட்டு, கேலிக்குச் சொன்னதும் ‘விளையாட்டுக்குச் சொன்னது’. கடவுள் செய்தாலும் திருவிளையாடல். இவ்வளவு விரிந்த சொல்லில் ‘இ-ஸ்போர்ட்ஸ் விளையாட்டா?’ என்று கேட்டால் ‘பின்னே வேறென்ன?’ என்றுதான் பதில் வரும். ஆங்கிலத்தில் கேமுக்கும் ஸ்போர்ட்டுக்கும் இடையில் ஒரு வேலி உண்டு, அதனால் அங்கே கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது. தமிழில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது பொழுதுபோக்கா, விதியும் நடுவரும் தரவரிசையும் உள்ள போட்டியா?

அப்படிக் கேட்டால் எனக்குத் தயக்கம் இல்லை. உடம்பு அசைய வேண்டும் என்பவர்களுக்கு: அர்ஜுனா விருது தொடங்கிய 1961-ஆம் ஆண்டிலேயே செஸ்ஸுக்காக நம் மானுவல் ஆரோன் அதை வாங்கிவிட்டார். உட்கார்ந்து ஆடுவதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்ட நாடு இது. ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினி ஆட்டத்தை ஆடும் கொரிய வீரர்களின் விரல்கள் நிமிடத்துக்கு 300 அசைவுகளைத் தாண்டும், செஸ்ஸில் அதுகூட இல்லை. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் இதற்கு ஏழு தங்கங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் வென்ற கிம் குவான்-வூவுக்கு வயது 44. ஐவர் அணி ஆட்டமான லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் வென்ற கொரிய அணிக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கே கிடைத்தது.

ஒரே ஒரு நெருடல் உண்டு, அதை மறைக்க முடியாது. கபடிக்கு முதலாளி கிடையாது. இந்த ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவனம் முதலாளி. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடையானது. அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் செல்போன் செயலிக் கடைகளிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. நேற்றுவரை ஸ்க்ரிம் (பயிற்சி ஆட்டம்) ஆடிக்கொண்டிருந்த அணிக்கு மறுநாள் ஆடுகளமே இல்லை. உடம்பு அசைகிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு இதை யாராவது கேட்டால் பதில் சொல்லத் திணற வேண்டியதுதான்.

சரி, என்ன எழுதலாம்? தமிழில் தனித்தனி ஆட்டவகைக்கு ‘ஆட்டம்’ நன்றாகப் பழகிய பின்னொட்டு: சீட்டாட்டம், கோலாட்டம், பாண்டியாட்டம். ‘சூதாட்டம்’ இருக்கிறதே என்பார்கள். அதில் கெட்டது சூது. அப்படிப் பார்த்தால் குறளில் ‘கவறும் கழகமும்’ என்று வரும் கழகம் சூதாடும் இடம். அதற்காக யாரும் கிரிக்கெட் கழகத்தைக் கலைக்கவில்லை. எனவே வீடியோ கேமுக்கு மின்னாட்டம், இ-ஸ்போர்ட்ஸுக்கு மின்னாட்டப் போட்டி, ஆடுபவருக்கு மின்னாட்ட வீரர். போட்டியை விவரித்துச் சொல்லும் காஸ்டருக்கு வானொலி கிரிக்கெட் காலத்து ‘வர்ணனையாளர்’ தயாராக இருக்கிறது. ஸ்க்ரிம், மெட்டா (அந்தந்த நேரத்தில் எடுபடும் உத்தி), பேட்ச் (ஆட்டத்தில் நிறுவனம் செய்யும் திருத்தம்) ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம், ஆடுபவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

தலைப்பில் இடம் போதாது என்று உதவி ஆசிரியர்கள் முனகுவார்கள். எண்ணிப் பார்த்தேன்: ‘மின்னாட்டப் போட்டி’யும் ‘இணைய விளையாட்டு’ம் ஏறக்குறைய ஒரே அகலம்தான். ரம்மிச் செய்திக்கு ‘ரம்மி’ என்றே போடலாம், இன்னும் இடம் மிச்சம்.