ஆஸ்டியோபதி படிக்கலாமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு

குடியாத்தம் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். மூன்று மாதமாக நடுமுதுகில் வலி. நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்துக் குனிந்திருப்பவருக்கு முதுகு வலிப்பதில் என்ன அதிசயம் என்று, ஓரிடத்தில் எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள். இன்னோரிடத்தில் நெட்டி முறித்திருக்கிறார்கள். நான் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு எலும்பின் மேல் துடித்துப்போனார். சாயங்காலத்தில் காய்ச்சல் அடிக்குமா என்றேன். "ஆமா சார், உடம்பும் எளச்சிப் போச்சு." அதற்குமேல் நான் கை வைக்கவில்லை, டாக்டரிடம் அனுப்பினேன். எம்ஆர்ஐயில் தெரிந்தது முதுகெலும்புக் காசநோய். அந்த எலும்பை இன்னொரு முறை முறுக்கியிருந்தால் கால் விழுந்திருக்கலாம்.

வேலூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் என்னிடம், பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் ஆஸ்டியோபதி பற்றி, அதாவது எலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் சிகிச்சை முறை பற்றி, கேட்கும்போதெல்லாம் அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

ஆஸ்டியோபதியை ஆர்த்தோ எனும் எலும்பு மருத்துவத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் மிசூரியின் கிர்க்ஸ்வில் ஊரில் அதற்கு முதல் கல்லூரி தொடங்கினார். இன்று அமெரிக்காவில் டி.ஓ. என்ற ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் வாங்கியவர் முழு மருத்துவர். மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சையும் செய்வார். பிரிட்டனில் அது பெரும்பாலும் கைச் சிகிச்சைதான். ஆனால் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்யாதவர் தன்னை ஆஸ்டியோபாத் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டமோ கவுன்சிலோ கிடையாது. சில வார வகுப்பில் வாங்கிய சான்றிதழை மாட்டிக்கொண்டு கழுத்தைத் திருப்பலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

கைச் சிகிச்சையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இடுப்பு வலிக்கு, உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் ஓரளவு பலன் உண்டு. மண்டையோட்டு எலும்புகளை விரலால் நகர்த்தி நோய் தீர்ப்பதாகச் சொல்வதற்குத்தான் உருப்படியான ஆதாரம் இல்லை. முதலில் பிசியோதெரபி பட்டம் படியுங்கள். உடற்கூறியல் படித்து, ஆஸ்பத்திரி வார்டில் நின்று நோயாளிகளைப் பாருங்கள். கைவித்தையை அதன்மேல் சேர்த்துக்கொள்ளலாம். எந்தப் பயிற்சியில் சேர்ந்தாலும், எந்த முதுகில் கை வைக்கக்கூடாது என்பதை எத்தனை மணி நேரம் சொல்லித்தருவார்கள் என்று கேளுங்கள். இரவில் கூடும் வலி, காரணமில்லாத எடை இழப்பு, தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது: இவற்றை அடையாளம் காணத் தெரியாதவரிடம் நீங்கள் கற்க ஒன்றுமில்லை.

தண்டுவடம் அடிபட்டால் வாழ்க்கை என்ன ஆகும் என்பது வேலூருக்குத் தெரியும். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே 1966இல் இங்கே பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கிவைத்தார்.

அந்த அக்கா மாத்திரையை விடாமல் சாப்பிட்டு இப்போது நடக்கிறார்.