பாலிஷ்: மெருகா, தீட்டலா, துலக்கலா?

ஷூவுக்கு பாலிஷ் போடுகிறோம், நகத்துக்கும் போடுகிறோம், காருக்கும் போடுகிறோம். முதல் இரண்டில் ‘போடு’ பொருந்தும்; மேலே ஒரு பூச்சு ஏறுகிறது. காரில் நடப்பது நேர்மாறு. பாலிஷ் பசையிலுள்ள நுண்துகள்கள், பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு, கிளியர் கோட்டின், அதாவது கார் நிறத்தின் மேலுள்ள நிறமற்ற காப்புப் பூச்சின், மேல்மட்டத்தைத் தேய்த்து எடுக்கின்றன. கீறலின் கரைகள் அதன் அடிமட்டம் வரை தேய்ந்து இறங்கிவிட்டால் ஒளி சிதறாமல் திரும்பும். கண்ணுக்குத் தெரியும் பளபளப்பு அதுதான்.

சொல்லின் வேரும் இதையே சொல்கிறது. லத்தீனில் ‘பொலீரே’ என்றால் வழவழப்பாக்குதல். அது பழைய பிரெஞ்சில் ‘பொலிர்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘பாலிஷ்’ ஆனது. பணிவானவரைக் குறிக்கும் ‘பொலைட்’டும் அதே வேர்தான், கரடுமுரடு தேய்ந்து போனவர். கூடவே புழங்கும் ‘பஃபிங்’ வேறு குடும்பம். எருமையைக் குறித்த பிரெஞ்சுச் சொல் அதன் பதனிட்ட தோலுக்குப் பெயராகி, அந்தத் தோலால் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலைக்கும் பெயரானது.

தமிழில் ‘மெருகேற்றல்’ என்பதே வழக்கம். ஆனால் ‘ஏற்றல்’ மறுபடியும் எதையோ கூட்டுவதாகத் தொனிக்கிறது. அரிசிக்கும் வைரத்துக்கும் சொல்லும் ‘தீட்டல்’ தேய்த்து எடுப்பதைச் சரியாகவே குறிக்கும். எனினும் ‘வண்ணம் தீட்டு’ என்ற வழக்கு இருக்கும்வரை, கார் பெயிண்ட் விஷயத்தில் அது குழப்பும். மிஞ்சுவது ‘துலக்கல்’. துலங்கு என்றால் ஒளிர். துலக்கு என்றால் தேய்த்து ஒளிரச் செய். செயலுக்குத் துலக்கல், அதனால் கிடைக்கும் நிலைக்கு மெருகு என்று பிரித்துக்கொள்வதே சரி.

இந்தப் பிரிவினை வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் கனம்தான். ஏறுகிறது என்று நினைப்பவர் அழுத்தித் தேய்ப்பார். குறைகிறது என்று தெரிந்தவர் கணக்குப் பார்ப்பார். வளைந்த இடங்களில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். வளைவு என்று ஒரே சொல்லில் அடக்காமல், குவியாடி, குழியாடி என்று பள்ளியில் படித்ததைப் போலக் குவிவு, குழிவு என்று பிரித்தே பார்க்க வேண்டும்.

குவிவில், அதாவது கதவின் பாடி லைன் (தகட்டில் நீளமாக எழும் மடிப்புக்கோடு), பானெட்டின் விளிம்பு, பம்பரின் முனை ஆகியவற்றில், பாலிஷ் தடவித் தேய்க்கும் பேட் முழுதாகப் படியாது. கை கொடுக்கும் அழுத்தம் மொத்தமும் ஒரு மெல்லிய கோட்டில் விழும். அந்த விளிம்பில் பூச்சே பெரும்பாலும் மெலிந்துதான் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் கிளியர் கோட் தேய்ந்து நிறம் வெளிவரும். அதற்கு மறு பெயிண்ட் தவிர வழியில்லை. விளிம்பின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, இருபக்கமும் முடித்தபின் டேப்பை எடுத்து, விளிம்பைக் கையால் லேசாகத் துலக்கினால் போதும்.

குழிவில் சிக்கல் வேறு. டூயல் ஆக்ஷன் எந்திரத்தின் பேட் சுழலவும் செய்யும், அதிரவும் செய்யும். குழிவில் பேட்டின் விளிம்புகள் உராய்ந்து சுழற்சி நின்றுவிடும். அதிர்வு மட்டும் தொடரும். சத்தம் வரும், வேலை நடக்காது. பேட்டைத் தாங்கும் பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால், சுழற்சி நின்றதும் தெரிந்துவிடும். அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம். அப்படியும் நின்றால் 5 அங்குல பேட்டை விட்டு 3 அங்குலத்துக்கோ 1 அங்குலத்துக்கோ இறங்க வேண்டும். 3 அங்குல பேட்டுக்குப் பட்டாணி அளவில் இரண்டு சொட்டு பாலிஷ் போதும். சின்ன பேட்டில் அதே கொஞ்ச இடமே ஓயாமல் உழைப்பதால் சீக்கிரம் சூடாகி அடைத்துக்கொள்ளும். அடிக்கடி துடைத்தாக வேண்டும். பம்பர், மிரர் கூடு போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் உலோகத்தைப் போல வெப்பத்தைக் கடத்தாது. ஒரே இடத்தில் நின்றால் பெயிண்ட் இளகி எழும்பும். புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நகர வேண்டும்.

கதவுக் கைப்பிடியின் பின்னுள்ள கிண்ணம் நகக்கீறல் நிறைந்த இடம். 1 அங்குல பேட்டும் நுழையாவிட்டால் கைதான். வெறும் துணியை விரலில் சுற்றித் தேய்த்தால் விரல்நுனி பட்ட இடம் மட்டும் அதிகம் தேயும். மெல்லிய ஃபோம் அப்ளிகேட்டரை மடித்துப் பிடித்தால் அழுத்தம் பரவும். வட்டமாகச் சுற்றாமல் நேர்கோட்டில் தேய்க்கலாம்.

எங்கும் முதலில் கழுவி, கார்களுக்கென்றே உள்ள களிமண் கட்டியால் (கிளே பார்) ஒட்டிய தூசை எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தூசே புதுக்கீறல் போடும். பாலிஷ் இடுக்கில் காய்ந்து வெள்ளையாக நின்றால் ஈரமான மென்தூரிகையால் எடுக்கலாம். கறுப்பு பிளாஸ்டிக்கில் அது அவ்வளவு எளிதில் போகாது; அதை முன்னதாகவே டேப்பால் மூடிவிடுவது நல்லது.

கடைசியில் நீரில் 10 முதல் 15 விழுக்காடு கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, எல்இடி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். பாலிஷின் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருந்தால் இப்போது வெளியே வரும். அதன்பின் பூசும் வாக்ஸையும் பலர் பாலிஷ் என்றே சொல்கிறார்கள். அது எதையும் எடுப்பதில்லை, மெல்லிய படலமாகப் படிகிறது. அதற்கு ‘மெழுகிடல்’ என்ற சொல் இருக்கிறது. ‘போடு’ என்ற வினையையும் தாராளமாக அதற்குத் தரலாம்.