பொதுவெளி வரலாற்றாளர்: ஒரு சொல் விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பெரியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து, காணொலியாகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் வெளியிட்டுவரும் இளைஞர் ஒருவரைக் கோயில் மண்டப நிகழ்ச்சியொன்றில் ‘வரலாற்றாசிரியர்’ என்று அறிமுகப்படுத்தினார்கள். முன்வரிசையில் இருந்த பாட்டி, “தம்பி எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சிக் குடுக்குற?” என்று கேட்டார். கேள்வியில் பிழையில்லை. நூல் இயற்றுபவருக்கும் பாடம் சொல்பவருக்கும் ஆசிரியர் என்பதே பெயர். பள்ளியில் ‘செஜாரா’ (மலாயில் வரலாறு) ஒரு பாடமாக இருக்கும் நாட்டில் இரண்டாம் பொருளே முந்திக்கொள்ளும்.

அந்த இளைஞர் செய்யும் பணிக்கு ஆங்கிலத்தில் ‘பப்ளிக் ஹிஸ்டோரியன்’ என்று பெயர். 1976இல் அமெரிக்காவின் சாந்தா பார்பராவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கெல்லி முதலியோர் இதற்கெனப் பட்டமேற்படிப்பைத் தொடங்கிய பிறகே இது ஒரு துறைப்பெயராக நிலைத்தது. அருங்காட்சியகம், வானொலி, ஆவணப்படம் என வகுப்பறைக்கு வெளியே, மக்கள் முன்னிலையில் வரலாற்றை எடுத்துச் சொல்வது அத்துறையின் வேலை.

‘ஹிஸ்டரி’க்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் விசாரித்தறிதல். மலாய் ‘செஜாரா’ மரத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது; கிளைவிடும் வம்சாவளியே அங்கு வரலாறு. (பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, நம்பிப் பிழைத்த ஊர்க்காரனுக்கு இந்த வேர்ச்சொல் பிடித்துப்போவதில் வியப்பில்லை.) தமிழில் வரல் + ஆறு, வந்த வழி. கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது. ஆகவே ‘வரலாற்றாளர்’ என்பதில் சிக்கல் இல்லை, சிக்கல் ‘பப்ளிக்’கில்தான்.

‘பொது வரலாற்றாளர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். பொது என்னும் சொல்லுக்கு மன்று, அவை என்ற பழம்பொருள் உண்டு. தில்லையம்பலத்தையே பொது என்றார்கள். அந்தப் பொருள் இன்றும் வழங்கியிருந்தால் சிறந்த மொழிபெயர்ப்பாக இருந்திருக்கும். ஆனால் ‘பொது அறிவு’, ‘பொது மருத்துவர்’ என்று பழகிய காதுக்கு, எதிலும் சிறப்பாக ஆழாதவர் என்றே அது ஒலிக்கிறது. ஒரே ஊரைத் துருவித் துருவிக் கேட்பவருக்கு இது அடுக்காது. ‘மக்கள் வரலாற்றாளர்’ கேட்க இனிமைதான். ஆயினும் மக்கள் வரலாறு என்பது எளியோரின் பார்வையிலிருந்து எழுதப்படும் வரலாற்றைக் குறிக்கும் தனிவழக்கு. அது யாரைப் பற்றியது என்பதைச் சொல்கிறதே தவிர, எங்கே நின்று சொல்லப்படுகிறது என்பதைச் சொல்வதில்லை. ‘பொதுவெளி வரலாற்றாளர்’ என்பது இந்த இரண்டாவதைச் சொல்வதால், அதையே நான் பரிந்துரைக்கிறேன்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1948 ஜூன் 16 அன்று இவ்வூர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டதையும், அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையும் எந்தப் பாடநூலிலும் படிக்கலாம். அதன்பின் வந்த முள்வேலியையும் ஊரடங்கையும் அரிசிக் கட்டுப்பாட்டையும் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) குழந்தையாக இருந்து பார்த்தவர் சொல்லும்போது, அதைக் கேட்டுப் பதிந்து, ஆவணத்தோடு ஒப்பிட்டு, அவர் பிள்ளைகளே கேட்கும் இடத்தில் வைப்பவர்தான் பொதுவெளி வரலாற்றாளர். ஒப்பிடாமல் ஒலிபரப்புபவர் அறிவிப்பாளர் மட்டுமே.

சொல்லாட்சியிலும் அவருக்குப் பொறுப்பு உண்டு. அந்த இளைஞரின் காணொலி ஒன்றில் தோட்டத்துப் பாட்டி ஒருவர், “விடியக் காலையில பெரட்டுக்குப் போவணும், பேர் கூப்புடுறப்ப இல்லன்னா அன்னிக்கு வேலை கெடையாது” என்கிறார். கீழே ஓடிய எழுத்தில் ‘வருகைப் பதிவு’ என்றிருந்தது. பெரட்டு என்பது ‘பரேடு’ தோட்டத்து நாவில் திரிந்த வடிவம். இருட்டில் வரிசையாக நின்றதும், கிராணியின் (தோட்ட எழுத்தரின்) கையிலிருந்த பேரேடும், தண்டலின் (மேற்பார்வையாளரின்) அதட்டலும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. நான் சுட்டிக்காட்டியபின் அவர் ‘பெரட்டு’ என்றே மாற்றி, பொருளை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டார்.