ஆம்ப்ளிஃபையர் பழுதானால் ஸ்பீக்கர் ஏன் கருகுகிறது? ரிலே (பழுதில் ஸ்பீக்கரைப் பிரித்துவிடும் மின்காந்த ஸ்விட்ச்) இருந்தும் ஏன் காப்பாற்ற முடிவதில்லை?

25-0-25 டிரான்ஸ்ஃபார்மர் போட்ட ஆம்ப்ளிஃபையரில் பிளஸ் 35 வோல்ட், மைனஸ் 35 வோல்ட் என்று இரண்டு சப்ளை கிடைக்கும். இவற்றுக்கு நடுவே மேலொன்றும் கீழொன்றுமாக அவுட்புட் டிரான்சிஸ்டர்கள். இரண்டும் சேருமிடத்திலிருந்து வயர் நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது; வழியில் கெப்பாசிட்டர் கிடையாது. எல்லாம் சரியாக இருந்தால் அந்த இடத்தில் மல்டிமீட்டர் 10, 20 மில்லிவோல்ட் டி.சி.தான் (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) காட்டும். பவர் டிரான்சிஸ்டர் போகும்போது பெரும்பாலும் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே ஷார்ட் ஆகித்தான் போகிறது. மேல் டிரான்சிஸ்டர் அப்படிப் போனால், 35 வோல்ட் டி.சி. முழுதாக ஸ்பீக்கரின் தலையில் இறங்கும்.

8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலை (கூம்பு வடிவக் கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) மீட்டரில் அளந்தால் 6 ஓம் அளவில்தான் இருக்கும். 35 வோல்ட்டை 6 ஓமால் வகுத்தால் 5.8 ஆம்பியர். வெப்பம் 200 வாட்டுக்கு மேல். இத்தனைக்கும் இது 60 வாட் ஆம்ப்ளிஃபையர். அதில் பாட்டைச் சத்தமாக வைத்தாலும் காயிலுக்குப் போவது சராசரியாக 10 வாட்டைத் தாண்டுவது அரிது. அதோடு, டி.சி. வந்தால் கோன் ஒரே பக்கம் தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடும். காயிலின் ஒரு பகுதி காந்த இடைவெளியை விட்டு வெளியே வந்துவிடுவதால், சூட்டை இரும்புக்குக் கடத்த வழியில்லை. கோன் அசையாததால் காற்றும் ஓடுவதில்லை. சில நொடிகளில் கம்பியின் எனாமல் கருகும், பசை இளகும், காயில் கோணிக்கொண்டு இடைவெளியில் உரசத் தொடங்கும். விட்டுவைத்தால் கோன் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. இதில் பலியாவது வூஃபர்தான் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்). ட்வீட்டருக்கு (கீச்சொலிக்கான சிறிய ஸ்பீக்கர்) முன்னால், ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரில் கெப்பாசிட்டர் இருப்பதால் டி.சி. அதை எட்டாது.

ஸ்பீக்கர் வயரில் 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் நிறைய. கணக்கு அதற்கு இடம் தரவில்லை. வேகமாக உருகும் வகை கண்ணாடி ஃபியூஸ்கூட, குறித்த அளவைப்போல் 2.1 மடங்கு மின்னோட்டத்தில் 30 நிமிடத்துக்குள் உருகினால் போதும் என்றுதான் சர்வதேசத் தர விதி சொல்கிறது. நம் பழுதில் வருவது 2 மடங்குகூட இல்லை. அதுவும் நிலைத்து நிற்காது: செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் 0.39 சதவீதம் ஏறுவதால், காயில் 200 டிகிரி ஏறும்போது மின்னோட்டம் 3.3 ஆம்பியருக்கு இறங்கிவிடும். காயிலில் அப்போதும் 100 வாட்டுக்கு மேல் எரிந்துகொண்டிருக்கும். ஃபியூஸ் சாவகாசமாக இருக்கும். சப்ளை வழியில் போடும் ஃபியூஸ் வேறு விஷயம். அது டிரான்ஸ்ஃபார்மரையும் போர்டையும் தீயிலிருந்து காக்கும், அவசியம் வேண்டும். ஆனால் இரண்டு சப்ளையில் ஒரு ஃபியூஸ் மட்டும் போனால், அவுட்புட் எதிர்ப்பக்கச் சப்ளைக்குத் தாவி ஸ்பீக்கருக்கு டி.சி. கொடுக்கலாம்.

ஆகவே டி.சி.யைக் கண்டுபிடித்து ஸ்பீக்கரைப் பிரிக்கும் ரிலேதான் வழி. கண்டுபிடிப்பது எளிது. அவுட்புட்டிலிருந்து 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெப்பாசிட்டர். (நான்-போலார் கையில் இல்லையென்றால் 22 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்துத் தொடராகப் போடலாம்.) இவற்றின் கால மாறிலி (கெப்பாசிட்டர் நிரம்பும் வேகத்தைக் காட்டும் அளவு) 1 நொடி. 35 வோல்ட் டி.சி. வந்தால், டிரான்சிஸ்டரை இயக்கத் தேவையான 0.65 வோல்ட்டைக் கெப்பாசிட்டர் 19 மில்லிநொடியில் எட்டிவிடும். 20 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலி உச்ச அளவில் வந்தாலும் அங்கே 0.28 வோல்ட்டுக்கு மேல் சேராது, அதனால் பாட்டுக்கு ரிலே விடாது. 2 வோல்ட் மட்டும் டி.சி. வந்தால் 0.4 நொடி ஆகும். அந்த 2 வோல்ட் காயிலில் உண்டாக்குவது 1 வாட்டுக்கும் குறைவு, எனவே தாமதத்தால் கெடுதல் இல்லை. பிளஸ், மைனஸ் இரண்டையும் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் மறக்கக் கூடாதது. யு.பி.சி. 1237 போன்ற ஐ.சி.க்கள் இதையும் ஆன் செய்யும்போதைய தாமதத்தையும் ஒரே சில்லில் வைத்திருக்கின்றன.

சிக்கல் ரிலேயின் உள்ளே இருக்கிறது. மேலே 10 ஆம்பியர், 250 வோல்ட் ஏ.சி. என்று அச்சிட்டிருப்பார்கள். பக்கத்திலேயே 30 வோல்ட் டி.சி. என்றும் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். ஏ.சி. நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் கான்டாக்ட் பிரியும்போது எழும் தீப்பொறி தானாக அணைந்துவிடும். டி.சி. பூஜ்யத்தைத் தொடுவதேயில்லை. சிறிய ரிலேயில் கான்டாக்ட் இடைவெளி அரை மில்லிமீட்டரை ஒட்டியதுதான். 50, 60 வோல்ட் சப்ளையுள்ள ஆம்ப்ளிஃபையர் என்றால் அந்த இடைவெளியில் நீல நிற ஆர்க் (அணையாத தீப்பொறி) நின்று எரியும். ரிலே ‘விட்ட’ பிறகும் மின்னோட்டம் ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டே இருக்கும். பாதுகாப்பு போர்டு வேலை செய்தும் வூஃபர் கருகுவது இதனால்தான்.

வயரிங்கை மாற்றினாலே இதற்குப் பாதி தீர்வு கிடைத்துவிடும். ரிலேயின் பொதுமுனையில் ஸ்பீக்கர், ‘நார்மலி ஓப்பன்’ முனையில் (ரிலே பிடித்தால் பொதுமுனையைத் தொடுவது) ஆம்ப்ளிஃபையர், ‘நார்மலி குளோஸ்டு’ முனையில் (ரிலே விட்டால் தொடுவது) கிரவுண்டு. பல போர்டுகளில் ஆம்ப்ளிஃபையரைப் பொதுமுனையில் கொடுத்து, குளோஸ்டு முனையைச் சும்மா விட்டிருப்பார்கள், அது தவறு. நான் சொன்னபடி இணைத்தால், ரிலே விட்டதும் ஸ்பீக்கரின் இரு முனையும் கிரவுண்டில் சேர்ந்துவிடும். ஆர்க் நீடித்தாலும் அது ஆம்ப்ளிஃபையரிலிருந்து கிரவுண்டுக்குத்தான் ஷார்ட் ஆகும், சப்ளை ஃபியூஸ் உடனே போகும். இப்படி ஒருமுறை ஆர்க் கண்ட ரிலேயைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொரு கவனிப்பு, ரிலே காயிலுக்குக் குறுக்கே போடும் 1என்4007 டயோடு. அது டிரான்சிஸ்டரைக் காக்கிறது, ஆனால் காயிலில் மின்னோட்டத்தைச் சுற்றவிட்டு ரிலே விடுவதைத் தாமதப்படுத்துகிறது; கான்டாக்ட்டும் மெதுவாகப் பிரிவதால் ஆர்க் நீள்கிறது. 24 வோல்ட் ரிலேயில் டயோடுடன் 24 வோல்ட் ஜீனர் (குறித்த வோல்ட்டில் பின்திசையில் கடத்தும் டயோடு) ஒன்றை எதிர்த்திசையில் தொடராகச் சேர்த்தால் ரிலே சட்டென்று விடும். அப்போது டிரைவர் டிரான்சிஸ்டர் 49 வோல்ட் தாங்க வேண்டும்; 65 வோல்ட் தாங்கும் பி.சி. 546 போதும்.

சப்ளை 60 வோல்ட்டைத் தாண்டினால் ரிலேயை நம்புவதைவிட இரண்டு என்-சேனல் மாஸ்ஃபெட்களை (ஒரு வகை டிரான்சிஸ்டர்) சோர்ஸோடு சோர்ஸ் சேர்த்து ஸ்விட்சாகப் போடுவதே நல்லது. ஒன்று மட்டும் போட்டால் அதன் உள் டயோடு வழியே பாதி அலை கசியும், அதனால்தான் இரண்டு. கேட்டை இயக்க ஃபோட்டோவோல்டாயிக் ஆப்டோகப்ளர் (ஒளி வழியே கேட்டுக்கு வோல்ட் தரும் சிறு பாகம்) வேண்டும். ஆர்க் என்ற பேச்சே இல்லை.

ஆன் செய்ததும் வரும் ‘தொம்’ சத்தத்துக்கு ரிலேயை 3 முதல் 5 நொடி தாமதித்து இணைத்தால் தீர்ந்தது. ஆஃப் செய்யும்போது ரிலே முதலில் விட வேண்டும். அதற்கு ரிலே சப்ளையைப் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரிலிருந்து எடுக்காமல், தனி டயோடும் சிறு கெப்பாசிட்டரும் வைத்து எடுக்க வேண்டும்.

கிளிப்பிங்கில் (வால்யூம் மிஞ்சி அலையின் உச்சிகள் சீவப்படுவது) டி.சி. உண்டாகி ட்வீட்டரை எரிக்கிறது என்பது பரவலான தவறான நம்பிக்கை. இரு பக்கமும் சமமாகச் சீவப்பட்ட அலையில் டி.சி. இல்லை. சைன் அலையில் 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர், முழுச் சதுர அலையானால் 100 வாட் தரும். கூடவே மேல் அதிர்வெண்களின் பங்கும் ஏறுகிறது. ட்வீட்டரைக் கொல்வது இந்தக் கூடுதல் வாட். டி.சி. பாதுகாப்பு போர்டு இதைத் தடுக்காது, வால்யூமைக் குறைப்பதுதான் தடுக்கும்.

போர்டைப் பொருத்தியதும் சோதிக்காமல் ஸ்பீக்கரை இணைக்க வேண்டாம். ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் வயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, போர்டுக்கு மட்டும் சப்ளை கொடுங்கள். ரிலே பிடித்த பிறகு, அவுட்புட் வயர் வரவேண்டிய முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 9 வோல்ட் பேட்டரியைத் தொடுங்கள். மேலே சொன்ன மதிப்புகளில் ரிலே 75 மில்லிநொடியில் விட வேண்டும். பேட்டரியைத் திருப்பிப் பிடித்தும் தொடுங்கள். ஒரு திசையில் மட்டும் விட்டால் கண்டறியும் டிரான்சிஸ்டர்களில் ஒன்று வேலை செய்யவில்லை.

பிரிட்ஜ் வகை (ஸ்பீக்கரின் இரு முனையையும் இயக்கும்) ஆம்ப்ளிஃபையர்களிலும், கார் ஸ்டீரியோக்கள், பல கிளாஸ்-டி (அவுட்புட்டை ஸ்விட்ச் போல ஆன்-ஆஃப் செய்யும்) போர்டுகளிலும் இந்த வயரிங்கை அப்படியே போடக் கூடாது. அங்கே பெரும்பாலும் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சப்ளையில் பாதி வோல்ட் இருக்கும்; எதையும் கிரவுண்டில் சேர்த்தால் அவுட்புட் ஐ.சி. போய்விடலாம். இரு முனைகளுக்கு இடையேயான வித்தியாசத்தை அளந்து, இரண்டு வயரையும் இரட்டைக் கான்டாக்ட் ரிலேயால் பிரிக்க வேண்டும்.