சாய்ந்த வட்டத்தில் ஒரு புள்ளி: கோல்ஃப் பந்து ஏன் வளைகிறது?

கோல்ஃப் மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் அரை மில்லிவிநாடிதான். அதற்குள் மட்டைத்தலை நகர்வது சுமார் இரண்டு சென்டிமீட்டர். அடித்த பிறகு உடம்பை ஒருபக்கம் வளைத்து, "திரும்பு, திரும்பு" என்று பந்திடம் கெஞ்சுவதெல்லாம் பார்ப்பவர்களுக்கான காட்சி. பந்துக்குச் சேர வேண்டிய செய்தி முன்பே சேர்ந்துவிட்டது: மட்டை எவ்வளவு வேகத்தில் வந்தது, எந்தத் திசையில் வந்தது, அதன் முகப்பு எங்கே பார்த்தது, முகப்பின் எந்த இடத்தில் பட்டது. வேறெதுவும் பந்துக்குத் தெரியாது.

இவற்றில் 'எந்தத் திசையில் வந்தது' என்பதுதான் பலரைக் குழப்புகிறது. ஆட்டக்காரர்கள் இதை இரண்டு தனிக் கேள்விகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். மட்டை மேலிருந்து கீழே வந்ததா, கீழிருந்து மேலே போனதா என்பது ஒன்று. இதைத் தாக்கு கோணம் என்போம். இலக்குக்கு வலப்பக்கம் நோக்கிப் போனதா, இடப்பக்கம் நோக்கிப் போனதா என்பது இன்னொன்று. உண்மையில் இரண்டும் ஒரே வட்டத்தின் இரண்டு முகங்கள். ஒன்றை மாற்றினால் மற்றது கேட்காமலே மாறும்.

ஒரு பெரிய வளையத்தைத் தரையில் ஊன்றி, அதன் மேல்பகுதி ஆட்டக்காரரின் தோள் பக்கம் சாய்ந்திருக்கும்படி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கும் பகுதியில் மட்டைத்தலை ஏறக்குறைய இந்த வளையத்தின் மேல்தான் ஓடுகிறது. அந்தச் சாய்வுதான் வீச்சுத் தளம். நெடுந்தூரம் அடிப்பதற்கான நீளமான மட்டையான டிரைவரில் அது தரையோடு 45 முதல் 50 டிகிரி வரை இருக்கும். குறுந்தூர அடிக்கான குட்டை மட்டையான வெட்ஜில் 60 டிகிரியைத் தாண்டும்.

வளையம் செங்குத்தாக நின்றிருந்தால் சிக்கலே இல்லை. மட்டை கீழே வரும், மேலே போகும், அவ்வளவுதான். சாய்ந்திருப்பதால், கீழே இறங்கும்போதெல்லாம் அது ஆட்டக்காரரை விட்டு வெளியே விலகுகிறது. வளையத்தின் மிகத் தாழ்ந்த இடமான அடிப்புள்ளியைத் தாண்டி ஏறும்போது உள்ளே திரும்புகிறது. வலக்கை ஆட்டக்காரருக்கு, அடிப்புள்ளிக்கு முன்பே பந்தைத் தொட்டால் மட்டை வலப்பக்கம் நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அதைத் தாண்டித் தொட்டால் இடப்பக்கம். கணக்கும் எளிது. 60 டிகிரி தளத்தில் 5 டிகிரி கீழ்நோக்கி அடித்தால் பாதை ஏறத்தாழ 3 டிகிரி வலப்பக்கம் விலகும். 45 டிகிரி தளத்தில் 5 டிகிரி மேல்நோக்கி அடித்தால் முழுதாக 5 டிகிரி இடப்பக்கம். வளையம் மொத்தமும் இலக்கையே நேராகப் பார்த்து நின்றாலும் இதுதான் நடக்கும்.

சரி, பாதை விலகினால் பந்து அந்தப் பாதையில் போகுமா? போகும் என்றுதான் பயிற்சியாளர்கள் பல காலம் சொல்லிக்கொடுத்தார்கள்: பந்து வீச்சின் பாதையில் கிளம்பி, முகப்பு பார்க்கும் பக்கம் வளையும் என்று. நெப்ராஸ்கா பல்கலைக்கழக இயற்பியலாளர் தியோடர் ஜோர்கென்சன் 1990களிலேயே இதைத் திருத்தி எழுதிவிட்டார். ஆனால் 2000களில் டிராக்மேன் போன்ற டாப்ளர் ரேடார் கருவிகள் மைதானத்துக்கு வந்து அளந்து காட்டிய பிறகுதான் பலரும் நம்பினார்கள். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகப்பு. டிரைவரில் அதன் பங்கு சுமார் 85 சதவீதம், இரும்புத்தலை மட்டையான அயர்னில் 75.

பாதைக்கு வேலை வேறு. முகப்பும் பாதையும் ஒரே பக்கம் பார்க்காதபோது பந்தின் சுழல் அச்சு சாய்கிறது; பந்து வளைகிறது. பின்சுழற்சி தனி, பக்கச் சுழற்சி தனி என்று பேசுவது வழக்கம்தான், ஆனால் பந்து ஒரே ஓர் அச்சில்தான் சுழல முடியும். அந்தச் சுழற்சி காற்றை ஒரு பக்கம் தள்ள, பந்து எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. இது மேக்னஸ் விளைவு. பின்சுழற்சிதான் பந்தை நெடுநேரம் தூக்கிப் பிடிக்கிறது என்று 1890களில் விளக்கியவர் எடின்பரோ இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டெய்ட். அவர் மகன் ஃப்ரெடி டெய்ட் 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர். வீட்டிலேயே ஆய்வுப் பொருள் கிடைத்த அப்பா!

அச்சு எவ்வளவு சாயும் என்பது முகப்பின் லாஃப்ட்டையும், அதாவது முகப்பு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவையும் பொறுத்தது. முகப்புக்கும் பாதைக்கும் 3 டிகிரி வித்தியாசம் என்றால் டிரைவரில் அச்சு சுமார் 12 டிகிரி சாயும், லாஃப்ட் கூடிய 7-அயர்னில் 7 டிகிரிதான். அயர்னில் ஓரளவு நேராக அடிப்பவர் டிரைவரை எடுத்ததும் பந்தைக் காட்டுக்குள் அனுப்புவதற்கு இது ஒரு காரணம். இதெல்லாம் முகப்பின் நடுவில் பட்டால்தான். ஓரத்தில் பட்டால் மட்டைத்தலையே திரும்பி, தன் பங்குக்கு ஒரு சுழற்சியைச் சேர்த்துவிடும்.

இனி மேல்-கீழ் விவகாரம். அயர்னில் கீழ்நோக்கித்தான் அடிக்க வேண்டும். பந்து புல்லில் கிடக்கிறது, முதலில் பந்து, பிறகு மண். தேர்ந்தவர்கள் பெயர்க்கும் புல்கட்டி பந்து இருந்த இடத்துக்கு முன்னால் இருப்பது அதனால்தான். ஆனால் 'இன்னும் அழுத்திக் கீழே அடி, பின்சுழற்சி கூடும்' என்ற அறிவுரையை நான் நம்புவதில்லை. மட்டையின் வேகம் மாறாதவரை, சுழற்சியைத் தருவது மோதும் நேரத்தில் இருக்கும் லாஃப்ட்டுக்கும் தாக்கு கோணத்துக்கும் இடையிலான இடைவெளி. கீழ்நோக்கி 2 டிகிரி கூட்டும்போது கைகள் முன்னே சாய்ந்து லாஃப்ட்டும் 2 டிகிரி குறைந்தால் இடைவெளி அப்படியே இருக்கும். பந்து தாழ்வாகக் கிளம்பும், அவ்வளவே.

டிரைவரில் கதை தலைகீழ். பந்து டீ என்ற சிறு குச்சியின் மேல் நிற்கிறது, மண்ணைப் பற்றிக் கவலையில்லை. அதே வேகத்தில் மேல்நோக்கி அடித்தால் பந்து உயரமாகக் கிளம்பும், சுழற்சி குறையும், தூரம் கூடும். டிராக்மேன் வெளியிட்ட சராசரிகளில் அமெரிக்க ஆண் தொழில்முறை ஆட்டக்காரர்கள் டிரைவரை ஒரு டிகிரி அளவு கீழ்நோக்கியும், பெண்கள் ஏறத்தாழ 3 டிகிரி மேல்நோக்கியும் அடிக்கிறார்கள். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் மட்டையை வீசும் ஆண்களுக்குத் தூரம் கையிருப்பில் இருக்கிறது. வேகம் குறைந்தவர்கள் கோணத்தில் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

வார இறுதியில் ஆடுபவர் இதைக் கேட்டுவிட்டு, பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்து, டீயை உயர்த்தி, மேல்நோக்கி அடிக்கத் தொடங்குவார். ஏற்கெனவே வலப்பக்கம் வளையும் ஸ்லைஸ் அவருக்கு இருந்தால், அது முன்பைவிட மோசமாகும். மேல்நோக்கி அடித்ததால் பாதை இடப்பக்கம் போய்விட்டது, முகப்பு பழைய இடத்திலேயே இருக்கிறது, இரண்டுக்கும் இடையிலான இடைவெளி கூடிவிட்டது. அவர் செய்யத் தவறியது வளையத்தையே வலப்பக்கம் திருப்பி வைப்பது. 45 டிகிரி தளத்தில் 4 டிகிரி மேல்நோக்கி அடிப்பவர் வீச்சு முழுவதையும் அதே 4 டிகிரி வலப்பக்கம் குறிவைத்தால்தான், பந்தைத் தொடும் அந்த இரண்டு சென்டிமீட்டரில் மட்டை இலக்கை நோக்கி நேராகப் போகும்.