‘ஷோ’ பூவர்: பழுத்ததா, வெந்ததா, புழுங்கியதா?

சீனத் தேயிலைப் பொட்டலத்தில் ‘ரைப் புவெர்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ‘பழுத்த புவெர்’ என்று தமிழில் எழுதிய பாவத்தை நானும் செய்திருக்கிறேன். ரைப் என்றால் பழுத்த, அவ்வளவுதானே என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, தமிழில் பழுத்த இலை என்றால் மஞ்சளாகி, காம்பு தளர்ந்து, விழக் காத்திருக்கும் இலை. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்த கதைதான் நமக்கு நினைவுக்கு வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், யுன்னானில் அந்த மாதிரி இலையையும் தனியாகவே விற்கிறார்கள். காய்ந்த இலையைத் தரம்பிரிக்கும்போது ஒதுக்கிவிடும் முற்றின மஞ்சள் இலை அது. ‘ஹுவாங்பியன்’ என்று பெயர், விலை குறைவு, குடித்தால் லேசாக இனிக்கும். ‘பழுத்த இலைத் தேநீர்’ என்ற பெயர் போக வேண்டியது அதற்குத்தான். நான் குடித்துக்கொண்டிருந்த கன்னங்கரிய கஷாயம் வேறு. அதன் சீனப் பெயர் ‘ஷோ’. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று யோசிக்கப் போய் இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

முதலில் பூவர், பொட்டலத்தில் ‘புவெர்’ என்றிருந்த அதேதான். இது ஊர்ப்பெயர். சீனாவின் தென்மேற்கில், மியான்மரையும் லாவோசையும் வியட்நாமையும் தொட்டுக்கொண்டிருக்கும் யுன்னான் மாகாணத்தில் உள்ள ஊர். தெற்கே சிஷுவாங்பன்னா மலைகளில் விளைந்த தேயிலை இங்கே வந்து சேர்ந்து, விலை பேசி, வரி கட்டி, கோவேறு கழுதை முதுகில் ஏறித் திபெத் பக்கமும் வடக்கேயும் போனது. 1729-இல், அப்போது சீனாவை ஆண்ட சிங் அரசு இதை ஒரு நிர்வாகத் தலைநகராகவே ஆக்கியது. சரக்கு எங்கிருந்து வந்ததோ அந்த மலையின் பெயர் ஒட்டாமல், கைமாறிய சந்தையின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஈரோட்டு மஞ்சள் முழுவதும் ஈரோட்டு வீதிகளிலா விளைகிறது, அந்தக் கணக்குத்தான். பின்னாளில் ஊருக்கு நிங்அர் என்று பெயர் வந்தது. தேயிலையின் புகழ் எகிறிய பிறகு, பக்கத்திலிருந்த சிமாவ் நகரம் 2007-இல் தன் பெயரையே பூவர் என்று மாற்றிக்கொண்டது. ஊர் தேயிலைக்குப் பெயர் கொடுத்த காலம் போய், தேயிலை ஊருக்குப் பெயர் கொடுத்திருக்கிறது.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. சீனத்தில் இது இரண்டு அசை, ‘பூ’, ‘அர்’. இரண்டாவதில் நாக்கை மடித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இரண்டு அசையும் ஒட்டிவிடாமல் இருக்க நடுவே ஒரு மேற்கோள் குறியோ சிறு கோடோ போட்டுத் தவிக்கிறார்கள், நாமும் அதைப் பார்த்து ‘பு-எர்’ என்று கோடு போட்டு எழுதுகிறோம். தமிழுக்கு எதற்கு இந்தக் கோடு? இரண்டு உயிர் சந்தித்தால் நடுவே உடம்படுமெய் வரும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. பூ + அர் = பூவர். நான் இனி இப்படித்தான் எழுதப்போகிறேன். ஹாங்காங் தேநீர்க் கடைகளில் இதே எழுத்துகளைக் கன்டோனிய வாயில் ‘போலே’ என்பார்கள், செவ்வந்திப்பூ சேர்த்தால் ‘குக் போ’. அங்கே போய் பூவர் கேட்டால் முழிப்பார்கள்.

சரி, ஷோ. பூவரில் இரண்டு குலம் உண்டு, ஷெங், ஷோ. சீனச் சமையலறையில் இந்த இரண்டு சொல்லும் தினமும் புழங்கும். ஷெங் என்றால் வேகாதது, காய். ஷோ என்றால் வெந்தது, கனிந்தது. வெந்ததற்கும் கனிந்ததற்கும் சேர்த்து ஒரே எழுத்து, ஒரே சொல். புத்தக நடையில் அதையே ‘ஷூ’ என்று வாசிப்பார்கள், அதனால் தேயிலைப் பிரியர்களில் பாதிப்பேர் ஷூ, மீதிப்பேர் ஷோ. இதோடு நிற்கவில்லை. ஷெங் என்றால் பிறப்பு, உயிர், அறிமுகமில்லாத ஆள். ஷோ என்றால் நன்றாகப் பழகிய ஆள். இந்த இடத்தில் ‘பழுத்த’ கட்சிக்கு ஒரு ஓட்டு விழுகிறது, ஒப்புக்கொள்கிறேன். பழு, பழகு என்று தமிழிலும் இரண்டும் ஒலியில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. ஆனால் அதே பக்கத்தில் ‘பழைய’ என்ற சொல்லும் நிற்கிறதே, அதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கல் புரிய, ஷோ எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். யுன்னானின் பெரிய இலை ரகத் தேயிலையைப் பறித்து, வாட்டி, இரும்புச் சட்டியில் புரட்டி, கையால் உருட்டி, வெயிலில் காயவைத்தால் கிடைப்பது மூலச்சரக்கு. அதை அப்படியே ஆவி காட்டி வட்டாக அழுத்தினால் ஷெங். புதிதில் பச்சையாக, கசப்பும் துவர்ப்புமாக இருக்கும், வருடக்கணக்கில் வைத்தால் மெல்ல மெல்ல நிறம் கறுத்து மென்மையாகும். ஹாங்காங்காரர்களுக்கு இப்படிப் பழசானதுதான் பிடிக்கும். ஆனால் இருபது முப்பது வருடம் யார் காத்திருப்பது? ஈரமான கிடங்கில் வைத்துப் பார்த்தார்கள், தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள், ஹாங்காங்கை ஒட்டிய குவாங்டாங் மாகாணத்தில் ஒரு முறை உருவானது. 1973-இல் யுன்னானின் தலைநகரான குன்மிங்கின் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் குவாங்டாங் போய் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து, யுன்னானின் தட்பவெப்பத்துக்கும் இலைக்கும் ஏற்றபடி மாற்றி அமைத்தார்கள். குன்மிங்கில் வூ சியிங், மெங்ஹாய் தொழிற்சாலையில் சோவ் பிங்லியாங் என்ற இரண்டு பெயர்களை இந்தக் கதையில் தவறாமல் சொல்வார்கள். ஆக இன்றைய ஷோவுக்கு வயது ஐம்பதைச் சற்றே தாண்டியிருக்கிறது. ‘ஆயிரமாண்டுப் பாரம்பரியம்’ என்று டப்பாவில் போட்டிருந்தால், அது வேறு எதைப் பற்றியோ சொல்கிறது.

அந்த முறைக்குப் பெயர் ‘வோ துவெய்’. வோ என்றால் நனைத்தல், துவெய் என்றால் குவியல். காய்ந்த மூலச்சரக்கைத் தொழிற்சாலைத் தரையில் டன் கணக்கில் கொட்டி, கிட்டத்தட்ட இடுப்புயரத்துக்குக் குவித்து, தண்ணீர் தெளித்து, துணி போட்டு மூடிவிடுகிறார்கள். அடுப்பும் கிடையாது நெருப்பும் கிடையாது. பூஞ்சையும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் உள்ளே வேலையைத் தொடங்க, குவியல் தானாகவே சூடேறுகிறது. ஐம்பது, அறுபது டிகிரி வரை போகும், கை வைத்தால் சுடும். அறுபத்தைந்தைத் தாண்டவிட்டால் இலை கருகிப்போகும், ஆறிவிட்டால் அழுகும். அதனால் சில நாளுக்கு ஒருமுறை மண்வெட்டியோடு இறங்கி, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் புரட்டிப் போடுகிறார்கள். நாற்பத்தைந்திலிருந்து அறுபது நாள் கழித்துப் பாத்தி கட்டினாற்போல வாய்க்கால் இழுத்து உலரவிட்டால் கருஞ்சிவப்பான ஷோ தயார். கசப்பும் துவர்ப்பும் பெரும்பாலும் போய்விடும்.

இப்போது ‘பழைய’ சிக்கலுக்கு வருகிறேன். முப்பது வருடம் அலமாரியில் கிடந்த ஷெங்கும் கறுத்துக் கனிந்திருக்கும், ஆனால் அது ஷோ ஆகாது, பழைய ஷெங்தான். நேற்று பட்டறையிலிருந்து வந்த ஷோ புத்தம்புதுசு, ஆனாலும் ஷோதான். அதாவது ஷோ என்பது செய்முறையின் பெயர், வயதின் பெயர் இல்லை. ‘பழுத்த’ என்றாலோ ‘முதிர்ந்த’ என்றாலோ கேட்கிறவர் மனதில் வயது வந்து உட்கார்ந்துவிடும், ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் தீர்ந்தபாடில்லை.

‘வெந்த’ சரிவராது, ஏனென்றால் வட்டு அழுத்துவதற்கு முன் இரண்டு குலத்துக்கும்தான் ஆவி காட்டுகிறார்கள். ‘புளித்த’ என்றால் நாக்கு புளிப்பைத் தேடும், ஷோவில் புளிப்பு இருந்தால் அது கோளாறு. ‘நொதித்த’ அறிவியலுக்குப் பொருத்தம்தான், இருந்தாலும் பாடப்புத்தக வாடை, தவிர நம் சாதாரணத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை காற்றுப்பட்டுச் சிவப்பதையும் நொதித்தல் என்றே எழுதிப் பழகிவிட்டோம், அதில் நுண்ணுயிருக்கு வேலை இல்லை. புகையிலையைப் பாடம் போடுவார்களே, அடுக்கி, மூடி, சூடேறியதும் பிரித்து அடுக்கி? செயலைப் பார்த்தால் வோ துவெய்க்கு மிக நெருங்கிய உறவு அதுதான். ‘பாடம் போட்ட பூவர்’ என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். தோலையும் மானின் தலையையும்கூடப் பாடம் பண்ணுவார்கள் என்பதால் குடிக்கிற பொருளுக்கு வைக்க மனம் வரவில்லை.

விடை அம்மாவிடமிருந்து வந்தது. ஒருநாள் வட்டிலிருந்து கொஞ்சம் பெயர்த்துப் போட்டுக் கொதிநீர் ஊற்றினேன், ஆவி எழும்பியதும் கூடத்திலிருந்து அம்மா, “என்னடா, நெல்லு ஊற வச்ச அண்டா வாசம் அடிக்குது?” என்றார். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், நெல் அவிப்பதற்கு முந்தின இரவு அதை ஊறப்போட்ட வீட்டு வாசம் அவருக்குத் தெரியும். நான் அதுவரை மழை பெய்த மண், பழைய மரப்பெட்டி என்று ஏதேதோ எழுதி வைத்திருந்தேன். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பச்சரிசி, புழுங்கலரிசி. நம் வீட்டிலேயே ஒரே நெல்லை இரண்டு குலமாகப் பிரித்துப் பெயர் வைத்து எத்தனை காலமாகிறது! பச்சை என்றால் நமக்கு நிறம் மட்டும் இல்லை. பச்சைக் காய்கறி, பச்சைத் தண்ணீர், பச்சை முட்டை, எல்லாம் நெருப்புப் படாதது. பச்சைப் பிள்ளை என்றால் இப்போதுதான் பிறந்தது. ஷெங் என்ற சொல்லில் பிறப்பும் பச்சையும் ஒன்றாகக் கிடப்பதை மேலே சொன்னேன், பாருங்கள், அப்படியே உட்காருகிறது. அந்தப் பக்கம் புழுங்கல். ‘உடம்பு புழுங்குது’ என்கிறோம், அடுப்பில் ஏறியா உட்கார்ந்திருக்கிறோம்? ஈரமும் வெக்கையும் வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே கூடுவதுதான் புழுக்கம், மனப்புழுக்கம் உட்பட. துணி போட்டு மூடிய ஈரக் குவியலுக்குள் நடப்பதை இதைவிடச் சரியாகச் சொல்ல ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆட்சேபம் வரும். நெல்லுக்குத் தண்ணீரும் தீயும் போதும், நுண்ணுயிர் தேவையில்லையே என்பீர்கள். சரிதான். புழுங்கல் என்பது விளைவையும் உணர்வையும் சொல்கிற பெயர், உள்ளே நடக்கும் வேதியியலை விளக்க ‘நுண்ணுயிர் நொதிப்பு’ இருக்கவே இருக்கிறது. வயதுக் குழப்பமும் தீர்ந்தது, பழைய பச்சைப் பூவர், புதுப் புழுங்கல் பூவர் என்று நான்கு விதமாகவும் மயக்கமில்லாமல் சொல்லலாம். பழைய பச்சரிசி புழுங்கலரிசி ஆகிவிடும் என்று தமிழ் பேசும் யாரும் நினைக்கமாட்டார்கள்.

மற்றச் சொற்களில் சிலவற்றுக்குத் தமிழ் தேடவே வேண்டாம். ‘பிங்’ என்பது வட்டு, வழக்கமான எடை 357 கிராம். ஏழு வட்டு சேர்த்து மூங்கில் மட்டையில் சுற்றினால் ‘தோங்’, ஏறக்குறைய இரண்டரைக் கிலோ, கட்டு என்றாலே போதும். கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல இருப்பது ‘துவோ’. வட்டின் மேல் 7572 என்று எண் இருந்தால் அது அந்த வட்டு செய்த ஆண்டு என்று எண்ணி ஏமாற வேண்டாம். முதல் இரண்டு இலக்கம் கலவை வகுத்த ஆண்டு, 1975. அடுத்தது இலையின் தரம், கடைசி இலக்கமான 2 மெங்ஹாய் தொழிற்சாலையின் எண். குன்மிங்கின் எண் ஒன்று, அதனால்தான் அவர்கள் செங்கல் வடிவத் தேயிலை 7581. குவியலில் பிசுபிசுத்து ஒட்டிக் கட்டியான இலை ‘சா தோ’, கட்டித்தேயிலை என்று வைத்துக்கொள்ளலாம், எத்தனை முறை ஊற்றினாலும் சலிக்காமல் நிறம் விடும். புதுப் புழுங்கலில் வரும் மீன் கலந்தாற்போன்ற நெடி ‘துவெய் வெய்’, குவியல் வாடை. அதற்கு நான் அம்மாவின் சொல்லை ஒட்டி ஊறல் வாடை என்கிறேன். ஒன்றிரண்டு வருடம் காற்றாட வைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். காற்றாட என்றால் சமையலறை அலமாரி இல்லை. என் முதல் வட்டைப் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, மூன்று மாதம் ரசம் மாதிரி ஒன்றைக் குடித்தேன்.

போடுவது எளிது. நூறு மில்லி நீருக்கு ஐந்தாறு கிராம், தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். முதல் இரண்டு தண்ணீரை அரிசி களைவது போலக் களைந்து கொட்டிவிட்டு, மூன்றாவதிலிருந்து பத்துப் பத்து நொடியில் வடித்தால் ஏழெட்டு முறை வரும். வடித்தது மை மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம், கசக்காது. கடைசியில் நிறம் வெளுத்ததும் இலையைச் சட்டியில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் இன்னொரு குவளை தேறும், எங்கள் வீட்டில் அது அம்மாவின் பங்கு, பனங்கற்கண்டு போட்டு.